தோற்காத மெசினும் எங்கட மகாபொலவும்

மாதம் மாதம் வாற மகாபொலக் காசு எங்கயிருந்து வருது எண்டு எங்களில எத்தினை பேர் கேட்டிருக்கிறம்? கணக்கில விழுந்தால் சந்தோசம், பிந்தினால் கோபம், அவ்வளவுதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில அந்தக் காசை 5000 ரூபாயில இருந்து 7500 ஆக்கப் போறதா அறிவிச்ச நேரம் கன்ரீனில எல்லாரும் அதைத்தான் கதைச்சம். எவ்வளவு கூடினது எண்டு கதைச்சமே ஒழிய, அது ஆற்ற காசு எண்டு கதைக்கேல்ல.

மகாபொல நிதியம் 1981 ஆம் ஆண்டு சட்டமொன்றின் மூலம் உருவாக்கப்பட்டது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் பெயரோடு சேர்த்துத்தான் இன்றைக்கும் அது சொல்லப்படுகிறது. அந்த நிதியத்தின் முக்கியமான வருமான வழிகளில் ஒன்று லொத்தர். அதாவது, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டடியில ஒரு கூலித் தொழிலாளி ‘இண்டைக்காவது விழாதா’ எண்டு வாங்குற சீட்டின்ர ஒரு சில்லறை, சுத்திச் சுத்தி வந்து எங்கட போட்டோக்கொப்பிச் செலவாயும் மத்தியானச் சாப்பாடாயும் மாறுது.

இதைச் சொல்லி ஆரையும் குற்றவாளியாக்க நான் வரேல்ல. மகாபொல இல்லாட்டி கம்பஸ் வாசல் மிதிக்க ஏலாத பிள்ளையள் எங்கட பீடத்திலயே கனபேர் இருக்கினம். நான் சொல்ல வாறது வேற. ஒரு நல்ல காரியத்தைச் சூதுக் காசில கட்டிவிட்டால், பிறகு அந்தச் சூதைக் கேள்வி கேக்க ஆளில்லாமல் போயிடும். இந்தப் பழக்கம் லொத்தரோட நிண்டால்கூடப் பரவாயில்லை எண்டு விடலாம். ஆனால் இப்ப வரிசையில நிக்கிறது லொத்தர் இல்லை, மெசின்.

ஏன் இப்ப கதைக்க வேணும்?

2025 ஓகஸ்ட்டில கொழும்பில ‘சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்’ சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டில பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. வெள்ளைக்காரன் காலத்துச் சூதாட்டக் கட்டளைச் சட்டங்களை எடுத்துப் போட்டு, எல்லாத்தையும் ஒரே அதிகாரசபைக்குக் கீழ கொண்டுவாறதுதான் இதன்ர நோக்கம். இணையவழிச் சூதும் இதுக்குள்ள வருது.

‘கொழும்பில கசினோ திறந்தால் எங்களுக்கென்ன?’ எண்டு நீங்கள் கேக்கலாம். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தில கசினோ இல்லை. காசைப் போட்டு சுத்த விடுற மெசின் எந்தச் சந்தியிலயும் இல்லை. ஆனால் இண்டைக்கு மெசின் எண்டது இரும்புப் பெட்டி இல்லை. அதுக்குள்ள ஓடுற கணக்குத்தான் மெசின். அந்தக் கணக்கு ஒரு போனுக்குள்ள வடிவா அடங்கும். கிரிக்கெட் மட்ச் பாக்கிற பெடியனுக்கு அடுத்த பந்தில பந்தயம் பிடி எண்டு விளம்பரம் வருதெண்டால், சூது நெல்லியடிக்கும் வந்திட்டுது, சங்கானைக்கும் வந்திட்டுது.

304 உம் மெசினும்

எங்கட ஊரில சூது புதுசில்லை. திருக்குறளில ‘சூது’க்கு ஒரு அதிகாரமே இருக்கு, அதுவும் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில. அதைப் படிச்சு வளர்ந்ததாலயோ என்னவோ, சூது எண்டால் எங்களுக்கு உடன ஞாபகம் வாறது ஒரு கெட்டுப்போன மனுசன். ‘அவன் சரியில்லை, குடும்பத்தை அழிச்சுப் போட்டான்’ எண்டு சொல்லிப் போட்டு எழும்பிப் போயிடுவம். மெசின் விசயத்தில இந்தப் பார்வை போதாது.

மதவடியில நாலு பேர் இருந்து 304 விளையாடுகினம் எண்டு வையுங்கோ. காசு வைச்சு விளையாடினாலும், ஒருத்தன் தோத்தது இன்னொருத்தன்ர பொக்கற்றுக்குள்ளதான் போகும். நாளைக்கு அது திரும்பியும் வரலாம். இருட்டினால் ஆட்டம் முடியும். ஒருத்தன் கனக்கத் தோத்தால் மற்றவன் ‘காணும் விடு மச்சான்’ எண்டு சொல்லுவான்.

மெசின் அப்பிடிச் சொல்லாது. அது களைக்காது, இருட்டாது, தோற்காது. போட்ட காசில இத்தினை வீதத்தைத் திருப்பித் தரவேணும் எண்டு கணக்கு முதலே எழுதப்பட்டிருக்கும். 90 வீதம் திருப்பித் தரும் எண்டு சொன்னால் நல்லதாத்தான் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். ஒரு தட்டுக்கு 100 ரூபா, ஆறு செக்கனுக்கு ஒரு தட்டு எண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு 600 தட்டு. மொத்தம் 60,000 ரூபா உள்ள போகுது. அதில 90 வீதம் திரும்பி வந்தாலும் சராசரியா 6000 ரூபா போயிடும். கையில 60,000 இருக்கத் தேவையில்லை. வெண்டதையே திரும்பத் திரும்பப் போட்டால் இந்தக் கணக்கு வந்திடும். ஆளை விழுத்துறது அதின்ர வேகம்தான்.

அதுக்கு மேல உளவியலும் சேருது. எப்ப பரிசு வரும் எண்டு தெரியாமல் இடைக்கிடை வந்தால், ஒரு பிராணி அந்தப் பழக்கத்தை லேசில விடாது எண்டதை பி. எஃப். ஸ்கின்னர் எண்ட அமெரிக்க உளவியலாளர் எப்பவோ காட்டிப் போட்டார். மெசின் அதே வித்தையைத்தான் செய்யுது. 100 ரூபா போட்டு 40 ரூபா வந்தாலும் வெளிச்சம் அடிச்சு, பாட்டுப் போட்டு, நீ வெண்டிட்டாய் எண்டு கொண்டாடும். உண்மையில 60 ரூபா போட்டுது. நட்டாஷா டௌ ஷூல் எண்ட மானிடவியலாளர் லாஸ் வேகாஸ் மெசின்களைப் பற்றிப் பல வருசம் ஆய்வு செய்து 2012 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில அவர் கண்டது இதுதான்: ஆழமா அடிமையானவை வெல்லுறதுக்காக விளையாடுறேல்ல. உலகம் மறந்துபோற அந்த நிலையிலயே தொடர்ந்து இருக்கிறதுக்காகத்தான் விளையாடுகினம். வெண்டால்கூட அது இன்னும் கொஞ்ச நேரம் விளையாட உதவுற காசு, அவ்வளவுதான்.

ஈஸ்ற்ஹாமில நடந்தது

இனி எங்கட ஆக்கள் இருக்கிற ரண்டு இடத்துக்குப் போவம். ரண்டிலயும் இதெல்லாம் சட்டபூர்வமா நடந்தது.

லண்டன் ஈஸ்ற்ஹாம் எண்டால் யாழ்ப்பாணத்தில தெரியாத ஆள் இல்லை. தமிழ்க் கடை, முருகன் கோவில், நகைக்கடை எல்லாம் இருக்கிற இடம். அது நியூஹாம் நகரசபைக்குள்ள வருது. பிரித்தானியாவில பந்தயக் கடையளுக்குள்ள இருந்த ஒரு வகை மெசினில, ஒரு தட்டுக்கு 100 பவுண் வரைக்கும் போடலாம், 20 செக்கனுக்கு ஒருக்கா. அந்த மெசினில ஓடின சில்லு விளையாட்டில 37 எண். கடைக்காரன்ர பங்கு 37 இல் ஒண்டு, 2.7 வீதம். கேக்கச் சின்னன். ஆனால் உச்சத்தில விளையாடினால் ஒரு மணித்தியாலத்தில 180 தட்டு, 18,000 பவுண் புரளும், சராசரியா 486 பவுண் இழப்பு.

ஒரு கடைக்கு நாலு மெசின்தான் வைக்கலாம் எண்டு சட்டம் சொல்லிச்சு. கொம்பனியள் என்ன செய்தது? ஒரே வீதியில கனக்கக் கடை திறந்தது. அதுவும் வசதியான இடங்களில இல்லை. வாடகை வீட்டிலயும் சம்பளத்துக்குச் சம்பளமும் வாழுற ஆக்கள் இருக்கிற வீதிகளில. நியூஹாம் நகரசபை முன்னுக்கு நிண்டு, தொண்ணூறுக்கு மேற்பட்ட உள்ளூராட்சி சபைகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு தட்டுக்கு 2 பவுணுக்கு மேல விடாதேங்கோ எண்டு அரசாங்கத்திட்டக் கேட்டுது. அரசாங்கம் 2018 இல் ஒத்துக்கொண்டு போட்டு நாளைக் கடத்தினது. அதை எதிர்த்து, துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ட்ரேசி குரௌச் பதவியை விட்டார். கடைசியில 2019 ஏப்ரல் 1 இல் 100 பவுண் 2 பவுண் ஆனது. எங்கட கணக்குப்படி மணித்தியாலத்துக்கு 486 பவுண் போன இடத்தில 10 பவுணுக்கும் குறைய.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கோ. வில்லியம் ஹில் எண்ட கொம்பனி சுமார் 700 கடைகளை மூடப்போறதா அறிவிச்சது. அப்ப அந்தக் கடையள் என்னத்தில ஓடினது? குதிரை ஓட்டத்திலயோ புட்போலிலயோ இல்லை. நாலு மெசினில.

நோர்வேயும் செஞ்சிலுவைச் சங்கமும்

ரண்டாவது இடம் நோர்வே. வட நோர்வேயின்ர மீன் தொழிற்சாலையளில வேலை செய்து ஊரில வீடு கட்டின, தங்கச்சிமாரைக் கரைசேர்த்த ஆக்கள் எங்கட எல்லா ஊரிலயும் இருக்கினம். அந்த நாட்டில ஒரு காலம் சூதாட்ட மெசின் சுப்பர்மார்க்கற்றிலயும் பெற்றோல் செற்றிலயும் நிண்டது. பால் வாங்கப் போற ஆள் மிச்சக் காசைப் போட்டுப் போட்டு வரலாம்.

அந்த மெசின்களால ஆருக்கு வருமானம் தெரியுமோ? நடத்தின கொம்பனிகளோட சேர்த்து, செஞ்சிலுவைச் சங்கம் மாதிரியான தொண்டு நிறுவனங்களுக்கும். ஆகவே மெசினை எடுக்கப் போறம் எண்ட உடன வந்த கேள்வி, ‘அப்ப தொண்டு வேலைக்குக் காசு?’ எண்டது. எங்கட மகாபொலக் கதைதான், இடம் மட்டும் வேற.

நோர்வே 2006 இல் நோட்டுக் காசு போடுற வசதியை முதலில் நிறுத்தியது. கொம்பனிகள் நீதிமன்றம் போயின. ஐரோப்பிய சுதந்திர வர்த்தகச் சங்க நீதிமன்றம் 2007 மார்ச்சில் நோர்வேயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007 யூலை 1 இல் இருந்து பழைய மெசின்கள் முழுவதும் அகற்றப்பட்டன. தொண்டு நிறுவனங்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள், சூதாடுகிறவர்களின் தொகையும் சூதால் வந்த பிரச்சினைகளும் குறைந்ததாகவும், ஆட்கள் பெருவாரியாக வேறு சூதுக்கு மாறவில்லை எண்டும் சொல்லின.

பிறகு அரச நிறுவனமே வேற வகை மெசினைக் கொண்டுவந்தது. ஆனால் அட்டை இல்லாமல் விளையாட ஏலாது. ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒரு மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல தோக்க ஏலாது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து விளையாடினால் மெசின் தானாக நிண்டு இடைவேளை விடும். ‘காணும் விடு மச்சான்’ எண்டு சொல்ல ஒரு மெசினையும் பழக்கலாம் எண்டு அவையள் காட்டினவை. அதுக்குப் பிறகு போன் வழியா வெளிநாட்டுச் சூது அங்கயும் புதுத் தலையிடியானது உண்மை. ஆனால் சட்டத்தால ஒண்டும் செய்ய ஏலாது எண்ட கதை பொய் எண்டது அங்க தெரிஞ்சுபோச்சு.

காசு ஆற்ற கையில இருந்து போகுது?

‘பொறுப்போடு விளையாடுங்கள்’ எண்டு எல்லா விளம்பரத்தின்ர அடியிலயும் சின்ன எழுத்தில இருக்கும். அவுஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010 அறிக்கையில மதிப்பிட்டது என்னெண்டால், அங்கத்தைய மெசின்களில செலவாகிற காசில சுமார் 40 வீதம் சூதுப் பிரச்சினை உள்ள ஆட்களிடமிருந்து வாறது. அவையள் சனத்தொகையில மிகச் சின்னப் பங்கு. எல்லாரும் பொறுப்போட விளையாடத் தொடங்கினால் அந்த வியாபாரத்தின்ர பெரிய பங்கு படுத்திடும். பிறகு அந்தச் சின்ன எழுத்தை எப்பிடி நம்புறது?

எங்கட பக்கத்தில காசு எப்பிடிச் சுத்துது எண்டு யோசியுங்கோ. வெளிநாட்டில இருந்து வாற காசு, தோட்டக் காசு, கடல் காசு, அரச சம்பளம். அவசரம் எண்டால் காப்பு அடகுக்குப் போகும், சீட்டுக் கூறப்படும். ஒரு வீட்டில ஒருத்தன் தோத்தால் அது அவன்ர காசு மட்டும் இல்லை. அம்மாவின்ர சங்கிலி, தங்கச்சியின்ர ரியூசன் காசு, அண்ணை இரவு வேலை செய்து அனுப்பினது. தேத்தண்ணிக் கடையில செலவழிச்ச காசு ஊருக்குள்ள நாலு கை மாறும். போனுக்குள்ள தோத்த காசு அந்த இரவே கடல் கடந்திடும்.

சட்டபூர்வமானது எல்லாம் பாதுகாப்பானது இல்லை எண்டு வடக்குக்கு ஆரும் புதுசாச் சொல்லித்தரத் தேவையில்லை. நுண்கடனும் சட்டபூர்வமாத்தான் வந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில வந்து நிண்டு அறவிட்டவை. கடைசியில 2018 இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில பெண்களின்ர ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. முதலே ஒரு வரம்பு போட்டிருந்தால் எத்தினை வீடு தப்பியிருக்கும்? சூது விசயத்தில அந்த ‘முதலே’ எண்ட நேரம் இப்பத்தான்.

மாற்றுக் கருத்துகள்

ஒண்டு: அவனவன் காசு, அவனவன் சுதந்திரம். சரி. ஆனால் அவனைப் பற்றின எல்லாத் தரவும் மெசின்காரன்ர கையில இருக்கு. எப்ப நித்திரை கொள்ளுறான், எப்ப சம்பளம் வருது, எத்தினை தரம் தோத்தால் எழும்பிப் போவான் எண்டதெல்லாம் அங்க தெரியும். அவனுக்கு மெசினைப் பற்றி ஒண்டும் தெரியாது. இதைச் சமமான சுதந்திரம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

ரண்டு: வேலைவாய்ப்பு. கசினோ சுற்றுலாவுக்கும் டொலருக்கும் உதவும் எண்டு சொல்லுகினம்; அது தனியா ஆராய வேண்டிய விசயம். லொத்தர் விக்கிறவை பெரும்பாலும் வேற வேலைக்குப் போக ஏலாத வயசானவை, உடல் ஏலாதவை. அவையளின்ர வயித்தில அடிக்கிற எந்தத் திட்டத்துக்கும் நான் எதிர். ஆனால் போனில வாற சூது எங்கட ஊரில ஒரு ஆளுக்கும் வேலை குடுக்காது. வெயிலுக்க குந்தியிருந்து சீட்டு விக்கிறவரின்ர பேரைச் சொல்லி அதுக்குக் கதவு திறக்கக் கூடாது.

மூண்டு: தடை செய்தால் ஒளிச்சு விளையாடுவினம். இதில உண்மை இருக்கு. தமிழ்நாடு 2003 இல் லொத்தரைத் தடை செய்தது. 2022 இல் ஒன்லைன் சூதுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் மாதிரித் திறமை சார்ந்த விளையாட்டுகளை அந்தத் தடையிலிருந்து விலக்கியது. தடை எண்ட ஒரு சொல்லோட விசயம் முடியாது எண்டது இதில தெரியுது. அதாலதான் நான் முழுத்தடை கேக்கேல்ல. வேகத்துக்கும் தொகைக்கும் வரம்பு கேக்கிறன்.

கசினோ வாசலில ஒரு நீதி, போனில ஒரு நீதி

எங்கட அரசாங்கத்துக்கு இந்த ஆபத்துத் தெரியாது எண்டில்லை. கசினோவுக்குள்ள போற இலங்கைப் பிரசைக்கு நுழைவு வரி இருக்கு. 2025 இல் அதை 50 டொலரில இருந்து 100 டொலர் ஆக்கத் தீர்மானிச்சவை. அதாவது சொந்தச் சனம் லேசில உள்ள போகக் கூடாது எண்டு வாசலில ஒரு தடி போட்டிருக்கு. நல்லது. அப்ப அதே சனம் பஸ் ஸ்ராண்டில 40 ரூபாயோட போகேக்க அந்தக் கரிசனை எங்க? 2023 இல் சீட்டின்ர விலை 20 இல் இருந்து 40 ஆனது. நாளுக்கு ரண்டு சீட்டு எண்டால் மாதம் 2400 ரூபா, ஒரு மகாபொலத் தவணையின்ர கிட்டத்தட்ட மூண்டில ஒண்டு. போனுக்கு வாசலே இல்லை. அங்க தடி போட ஆரும் இன்னும் வரேல்ல.

அதால புது அதிகாரசபையிட்ட நாங்கள் கேக்க வேண்டியது இதுகள்தான். ஒருத்தர் ஒரு மாதத்தில எவ்வளவு தோக்கலாம் எண்டதுக்கு உச்ச வரம்பு, நோர்வேயில மாதிரி. கடன் அட்டையாலயும் கடன் காசாலயும் விளையாட ஏலாத ஏற்பாடு. பிரித்தானியா கடன் அட்டையை 2020 இலேயே நிறுத்திப் போட்டுது. இளம் ஆக்களுக்குத் தனி வரம்பு. பிரித்தானியாவில 2025 மே மாதத்தில இருந்து 18 தொடக்கம் 24 வயதுக்குட்பட்டவை ஒன்லைன் சுழல் விளையாட்டில ஒரு தட்டுக்கு 2 பவுணுக்கு மேல போட ஏலாது, மற்றாக்களுக்கு 5 பவுண். எங்கட வயசு ஆக்கள்தான் கூட ஆபத்தில இருக்கினம் எண்டு அவையள் ஒத்துக்கொண்டிருக்கினம். அதோட, தமிழில கதைக்கிற ஆலோசனைச் சேவை. ஒருத்தன் இரவு ரண்டு மணிக்கு உதவி கேட்டு எடுத்தால், அவன்ர மொழியில ஆள் கதைக்க வேணும். இது கடைசியில வைச்சுப் பாக்கிற விசயம் இல்லை, முதலாவது.

மற்றது எங்களுக்கு, மாணவருக்கு. மகாபொலவை நேரடியா வரிப்பணத்தில இருந்து தரச்சொல்லிக் கேக்க வேண்டிய ஆக்கள் நாங்கள்தான். காசு பிந்தினால் பதாகை பிடிக்கத் தெரியுமெண்டால், காசு எங்கயிருந்து வருது எண்டும் ஒரு பதாகை பிடிக்கலாம். கல்வி உரிமை எண்டு மேடையில சொல்லிக்கொண்டு, அந்த உரிமைக்கான காசைத் தோத்தவன்ர பொக்கற்றில இருந்து எடுக்க விடுறது சரியில்லை. இலவசக் கல்விக்கு நாடு முழுக்கச் சேர்ந்து வரி கட்டட்டும். கசினோ பக்கமே போகாத பணக்காரனும் சேர்ந்து கட்டட்டும்.